கரண்டு போன வீட்டில் மெழுகுவர்த்தி: தாம்வே தங்கச்சிக்கு ஒரு பதில்

யாங்கோன் தாம்வேயில் ஐந்தாம் மாடி வீடு. இரண்டு சின்னப் பிள்ளைகள், வயதான மாமியார், கணவருக்கு இரவு வேலை. கரண்டு அடிக்கடி போய்விடும் இந்தக் காலத்தில் மெழுகுவர்த்தியை ஆபத்தில்லாமல் எப்படி வைப்பது, இருட்டுக்குப் பயப்படும் சின்னவளுக்காக ராத்திரி முழுக்க ஒன்றை எரியவிடலாமா, மாமியார் ஏற்றும் சாமி விளக்கை என்ன செய்வது என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். எங்கள் வார்டின் தொண்டர் தீயணைப்புக் குழுவில் பல வருஷம் இருந்தவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நடுக் கேள்வி. ராத்திரி முழுக்க எரியவிடக் கூடாது தங்கச்சி. தட்டில் வைத்தாலும், தண்ணீர் நடுவில் வைத்தாலும், ஜன்னலை மூடினாலும் கூடாது. எல்லாரும் தூங்கும் வீட்டில் எரியும் மெழுகுவர்த்தி இருக்கவே கூடாது. மற்ற யோசனைகளில் வசதிக்கேற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம், இதில் மட்டும் முடியாது.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், மெழுகுவர்த்தியால் தீப்பிடித்த வீடுகளுக்குப் போய்ப் பார்த்தபோது நான் திரும்பத் திரும்பக் கண்டது ஒன்றுதான். சுடரைப் பார்த்துக்கொண்டு ஆள் உட்கார்ந்திருக்கும்போது அது வீட்டை எரிப்பது அபூர்வம். சாய்ந்தால் நிமிர்த்துவார், துணி பற்றினால் உதறுவார். ஆள் தூங்கிய பிறகு, கடைக்கு இறங்கிய பிறகு, பக்கத்து வீட்டில் பேச நின்ற பிறகுதான் விபரீதம் நடக்கிறது. தூக்கத்தில் மூக்கை நம்பவே கூடாது. புகை நாற்றம் எழுப்பிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு தூங்குகிறவரை இன்னும் ஆழமான மயக்கத்துக்குத்தான் கொண்டுபோகும். தீ நெருங்குவதற்கு முன்பே புகை ஆளைச் சாய்த்துவிடும். அதனால் உங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம் போதும்: மெழுகுவர்த்தி எரியும் அறையில் விழித்திருக்கும் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். அவர் எழுந்து வெளியே போனால் ஊதி அணைத்துவிட்டுப் போக வேண்டும், அடுப்படிக்குத்தானே போகிறோம் என்றாலும்.

இந்த ஊரில் தனியாகச் சொல்ல வேண்டிய இன்னொரு நேரமும் உண்டு, கரண்டு திரும்பி வரும் நேரம். "மீ லாபீ!" (கரண்டு வந்துவிட்டது!) என்று தெருவே பர்மிய மொழியில் கூச்சல் போடும். பிள்ளைகள் குதிக்கும். நீங்கள் மோட்டார் சுவிட்சைப் போட்டுத் தொட்டியில் தண்ணீர் ஏற்ற ஓடுவீர்கள், சோற்றுக் குக்கரை மாட்டுவீர்கள், போனைச் சார்ஜில் போடுவீர்கள். குழல் விளக்கு வெளிச்சத்தில் மூலையில் எரியும் சின்னச் சுடர் கண்ணுக்கே தெரியாது. வேலை முடித்து அசதியில் படுத்துவிடுவீர்கள், அது எரிந்துகொண்டே இருக்கும். கரண்டு வந்ததும் முதல் வேலை மெழுகுவர்த்தியை அணைப்பது, அப்புறம்தான் மோட்டார். பெரிய பிள்ளைக்கு இந்தப் பொறுப்பைக் கொடுங்கள். "மீ லாபீ" கேட்டதும் "அம்மா, மெழுகுவர்த்தி!" என்று அவன் குரல் கொடுக்கட்டும். சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் பெரியவர்களைவிட நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்.

சரி, எதில் வைப்பது? நம் வீடுகளில் பாதிப் பேர் இரண்டு சொட்டு மெழுகை மேசையில் விட்டு அதன் மேலேயே ஒட்டி நிறுத்துகிறார்கள். டிவி மேல், பிரிட்ஜ் மேல், பிளாஸ்டிக் நாற்காலியில், மரத்தரையில் என்று எல்லா இடத்திலும் பார்த்திருக்கிறேன். ஒட்டிய மெழுகு சூடானால் பிடி விட்டுவிடும். கடைசி வரை எரிந்தால் சுடர் நேராகப் பலகையைத் தொடும். டிவி, பிரிட்ஜ் மேல்பாகமெல்லாம் பிளாஸ்டிக், பற்றினால் கறுப்புப் புகையாக வரும். கண்ணாடித் தம்ளரும் வேண்டாம், அடியில் சூடேறிப் பட்டென்று வெடிக்கும்.

அரிசி அளக்கிற பால் டின் எல்லா வீட்டிலும் இருக்கும். பழைய டின் ஒன்றை எடுத்து, முக்கால் பாகத்துக்கு மேல் காய்ந்த மணலை நிரப்பி, மெழுகுவர்த்தியை நன்றாக அழுத்தி ஊன்றுங்கள். சுடர் எப்போதும் டின் விளிம்புக்கு மேலே இருக்க வேண்டும். உள்ளே இறங்கினால் சூடு அடைபட்டு மெழுகு முழுக்க உருகிக் குளமாகிவிடும். அந்த டின்னை விளிம்பு உயர்ந்த பெரிய எனாமல் தட்டின் நடுவில் வைத்து, தட்டில் ஒரு விரல் உயரம் தண்ணீர் விடுங்கள். மெழுகுவர்த்தி சாய்ந்து விழுந்தாலும் தண்ணீரில்தான் விழும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. கடையில் விற்கும் அலங்காரத் தாங்கிகளைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை.

மூன்று விரல் உயரம் மிச்சம் இருக்கும்போதே அணைத்துவிட்டு வேறு மாற்றுங்கள். விலைவாசி இப்படி இருக்கும்போது மிச்சத்தை வீணாக்க மனசு வராது, எனக்குத் தெரியும். துண்டுகளைச் சேர்த்து வையுங்கள், ஆள் கூடவே இருக்கும் பத்து நிமிஷ வேலைக்கு, குளியலறைக்குப் போய் வருவதற்கு, அவை உதவும்.

எங்கே வைப்பது என்பது எதில் வைப்பது என்பதைவிட முக்கியம். நம் ஊரில் முதல் எதிரி கொசுவலை. டெங்கு பயத்தில் எல்லா வீட்டிலும் வலை உண்டு, பெரும்பாலும் நைலான் அல்லது பாலியஸ்டர். மின்விசிறி நின்ற வெக்கையில் ஜன்னலைத் திறந்து வைப்போம், ஒரு காற்று வந்தால் வலை உப்பிக்கொண்டு சுடர் வரை போகும். இந்த வலைகள் உருகி உருகிச் சொட்டும், உள்ளே இருப்பவரின் தோலில் ஒட்டும். வலை கட்டிய அறைக்குள் மெழுகுவர்த்தியே கொண்டுபோகாதீர்கள். வலைக்குள் படுத்துக்கொண்டு படிப்பதற்காக உள்ளேயே ஏற்றிவைப்பது உயிரோடு விளையாடுவது. கொசுவர்த்திச் சுருளுக்கும் இதே எச்சரிக்கை. சுடர் தெரியாது என்பதால் பயம் வருவதில்லை, ஆனால் அந்தக் கங்கு மெத்தை மேல் விழுந்தால் மணிக்கணக்கில் புகைந்து பிறகு பற்றும்.

பக்கவாட்டில் எரியக்கூடிய எதுவும் ஒரு முழத்துக்குள் இருக்கக் கூடாது. மேலே ஒரு மீட்டராவது வெற்றிடம் வேண்டும், ஏனென்றால் சூடு முழுக்க மேல் நோக்கித்தான் போகிறது. பக்கத்தில் கை வைத்தால் இதமாக இருக்கும், அதே தூரத்தில் சுடருக்கு மேலே கை வைக்க முடியாது. அலமாரித் தட்டுக்கு அடியில் வைத்த மெழுகுவர்த்தி மேல் தட்டின் அடிப்பக்கத்தைக் கரியாக்கிக்கொண்டே இருக்கும், நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள். யாங்கோன் அடுக்குமாடிகளில் நீளமான ஒரே கூடத்தை பிளைவுட் தடுத்து அறைகளாக்கியிருப்பார்கள். அந்தத் தடுப்புகள் பற்றினால் நிமிஷத்தில் பரவும். அதனால் தடுப்பை ஒட்டி வேண்டாம், சிமெண்டுச் சுவர்ப் பக்கம் வையுங்கள். ஜன்னல் ஓரம், வாசல் ஓரம், நடைவழித் தரை மூன்றும் வேண்டாம். காற்று, திரைச்சீலை, ஓடும் பிள்ளை, பூனை எல்லாம் போய்வரும் இடங்கள் அவை.

திரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுடர் உயரமாக எழும்பிக் கரும்புகை விட்டால் திரி நீளமாகிவிட்டது என்று அர்த்தம். அணைத்து, ஆறியபின் அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் விட்டுக் கத்தரித்துவிடுங்கள். கருகிய திரித் துண்டையோ தீக்குச்சியையோ உருகிய மெழுகில் போடக் கூடாது. அதுவும் இன்னொரு திரியாகி எரிய ஆரம்பிக்கும், ஒரே மெழுகுவர்த்தியில் இரண்டு சுடர், இரண்டு மடங்கு சூடு. பல மெழுகுவர்த்திகள் ஏற்றினால் நடுவே குறைந்தது பத்து சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். நெருக்கி வைத்தால் ஒன்றின் சூட்டில் இன்னொன்று வளைந்து உருகும். தட்டையான சின்ன மெழுகுகளை ஒரு தட்டில் கூட்டமாக வைத்தால் மெழுகின் மேல்பரப்பு முழுவதுமே தீப்பிடிக்கும் அளவுக்குப் போகலாம்.

அந்த நிலை வந்தால், அல்லது டின்னில் உள்ள மெழுகு மொத்தமும் எரிந்தால், தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். மெழுகுவர்த்தியை ஊதி அணைத்ததும் ஒரு வெள்ளைப் புகை வருமே, அது மெழுகின் ஆவி. அந்தப் புகையில் தீக்குச்சியைக் காட்டினால் சுடர் இறங்கி வந்து திரியைப் பிடிக்கும். மெழுகு ஆவியாகித்தான் எரிகிறது. எரியும் மெழுகில் தண்ணீர் விழுந்தால், பஜ்ஜிச் சட்டியில் தண்ணீர் தெறித்த மாதிரி, அது ஒரு நொடியில் நீராவியாகி எரியும் மெழுகைக் கூரை வரை வீசியடிக்கும். பாத்திர மூடியை நிதானமாக மேலே சரித்து மூடுங்கள். மூடி இல்லாவிட்டால் நனைத்து நன்றாகப் பிழிந்த தடித்த துண்டைப் போடலாம். மூடிய பிறகு ஆறும்வரை திறக்காதீர்கள், தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். தட்டில் தண்ணீர் விடச் சொன்னேனே, அது விழும் சுடரை அணைக்க. எரியும் மெழுகுக் குளத்தின் மேல் தண்ணீரை ஊற்றுவது வேறு.

சாமி விளக்குக்கு வருகிறேன். மாமியாரிடம் விளக்கேற்றாதீர்கள் என்று சொல்ல வேண்டியதே இல்லை. காமாட்சி விளக்கோ அகலோ, பித்தளைத் தட்டில் வைத்து, மேலே தொங்கும் காகித மாலை, பிளாஸ்டிக் பூச்சரம், படத்துக்குப் போட்ட ஜிகினாத் துணி எல்லாவற்றையும் விலக்கிவிடுங்கள். சாமி அலமாரி உயரத்தில் இருந்தால் விளக்கை மட்டும் கீழே ஒரு மணையில் வைக்கலாம். முதியவர் எக்கி நின்று ஏற்றும்போது புடவைத் தலைப்பு சுடரில் படுவதை நான் மிகவும் அஞ்சுகிறேன். தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஏற்றச் சொல்லுங்கள், பருத்திப் புடவையாக இருந்தால் நல்லது. கும்பிட்டு முடித்துப் பெரியவர்கள் எழும்போது குளிரவைத்துவிட வேண்டும். விடிய விடிய எரியும் எண்ணெய் விளக்கில் இன்னொரு தொல்லை எலி. எண்ணெய் ஊறிய திரி அதற்குத் தீனி, எரியும் திரியை இழுத்துக்கொண்டு சாமான் இடுக்கில் நுழைந்துவிடும். பழைய யாங்கோன் கட்டடங்களில் எலிக்கா பஞ்சம்! வீட்டில் யாராவது புத்தர் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றும் வழக்கம் இருந்தாலும் இதே விதிகள்தான்.

பர்மியரின் விளக்குத் திருவிழாவான தடின்ஜுட் பௌர்ணமியில் தெருவெல்லாம் விளக்கு வைப்பார்கள், அதற்கு இரண்டு வாரம் கழித்து நம் தீபாவளி, அப்புறம் அவர்களின் இன்னொரு விளக்குத் திருவிழாவான தசௌன்டைங், நம் கார்த்திகை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பால்கனிக் கம்பி மேலும் படிக்கட்டிலும் வரிசையாகச் சுடர்கள். பால்கனிக் கம்பியில் மெழுகுவர்த்தி ஒட்டினால், விழுந்தால் கீழ்வீட்டுத் துணிக் கொடியில்தான் விழும். தரையில் மண் அகல் போதும். படிக்கட்டில் மட்டும் எந்த விளக்கும் வேண்டாம், ஐந்தாம் மாடிக்கு வெளியேறும் வழி அது ஒன்றுதான். தடின்ஜுட்டில் பெரியவர்களுக்கு மரியாதை செய்ய வருகிறவர்கள் மெழுகுவர்த்திக் கட்டு கொண்டுவருவார்கள், மாமியாருக்கும் நிறையச் சேர்ந்திருக்கும். அதை வெயில் படாத தாழ்ந்த இடத்தில் படுக்கை வசமாக வையுங்கள். ஏப்ரல் வெக்கையில் மெழுகு இளகி வளைந்துபோகும், வளைந்த மெழுகுவர்த்தி எரியும்போது ஒரு பக்கமாகச் சொட்டி சாயும். அதை ஏற்றாதீர்கள்.

பெட்ரோல் விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் கட்டடத்தில் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் இருப்பார்கள், சிலர் பெட்ரோல் கேனை வீட்டுக்குள்ளேயே வைக்கிறார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய் அடுத்த அறையில் இருக்கும் சுடரைத் தேடிப் பிடிக்கும், கேன் தொலைவில் இருந்தாலும். கரண்டு போன இருட்டில் மெழுகுவர்த்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஜெனரேட்டருக்கு எண்ணெய் ஊற்றுவது மெழுகுவர்த்தியால் வரும் எல்லா விபத்திலும் கொடியது. மண்ணெண்ணெய் விளக்கிலும் எரியும்போது ஊற்றக் கூடாது. சமையல் கேஸும் கனமானதுதான், கீழே தங்கும். கேஸ் வாடை வந்தால் தீக்குச்சி, மெழுகுவர்த்தி, சுவிட்ச் எதையும் தொடாமல் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். 2025 மார்ச் 28இல் மண்டலே, சகாய்ங் பக்கம் 7.7 அளவில் பூமி அதிர்ந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படி அதிர்ந்த பிறகு கரண்டும் இருக்காது, கை தானாக மெழுகுவர்த்தியைத் தேடும். அப்போது ஏற்றவே கூடாது. கேஸ் குழாய் கழன்றிருக்கலாம், பின்னதிர்வில் மெழுகுவர்த்தி உருண்டுவிடலாம். டார்ச் மட்டும்தான்.

சின்னவளின் இருட்டுப் பயத்துக்கு என்ன செய்வது? சோலார் தகடு வைத்த சின்ன எல்இடி விளக்கைப் பகலில் பால்கனியில் காயவைத்தால் ராத்திரிக்கு மங்கலாக எரியும். அது கிடைக்காவிட்டால் டார்ச்சைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் மேல் தண்ணீர் நிரப்பிய வெள்ளை பிளாஸ்டிக் பாட்டிலை வைத்துப் பாருங்கள், வெளிச்சம் அறை முழுக்கப் பரவும். கூடுதலாகக் கொஞ்சம் பணம் இருந்தால், மெழுகுவர்த்திக்குச் செலவழிப்பதைவிட முதலில் இந்த விளக்கில் போடுங்கள். நர்கிஸ் புயல் அடித்த 2008 மே மாதத்துக்குப் பிறகு பல பேட்டைகளில் வாரக்கணக்கில் கரண்டு இல்லாமல் மெழுகுவர்த்தியில்தான் வாழ்ந்தோம், அப்போது வேறு வழி இல்லை. இப்போது இருக்கிறது. பேட்டரியில் ஓடும் புகை அலாரம் எங்காவது கிடைத்தால் அதையும் வாங்கிக் கூடத்துக் கூரையில் மாட்டுங்கள். சார்ஜ் ஏற்றும் பேட்டரிகளை மட்டும் படிக்கட்டிலோ வாசல் கதவோரத்திலோ வைத்துச் சார்ஜ் போடாதீர்கள், அவை பற்றினால் வழி அடைபடும்.

அதே வழியைப் பற்றித்தான் இன்னொன்று. திருடனுக்குப் பயந்து முன்னால் ஒரு இரும்புக் கிரில், பின்னால் ஒரு கிரில், இரண்டிலும் பூட்டு. இருட்டில், புகையில், சாவி எங்கே? உள்பக்கமாகக் கதவுக்குப் பக்கத்தில், பெரிய பிள்ளைக்கு எட்டும் உயரத்தில், வெளியிலிருந்து கை எட்டாத இடத்தில் ஆணி அடித்துச் சாவியை அங்கேயே மாட்டுங்கள். யாரும் வேறு இடத்தில் வைக்கக் கூடாது. ஒரு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு திறந்து பாருங்கள், மாமியாரையும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். புகை வந்தால் எல்லாரும் தரையோடு குனிந்து போக வேண்டும், கடந்து வரும் கதவுகளைப் பின்னால் சாத்திக்கொண்டு வர வேண்டும். நகை, பாஸ்புக், அடையாள அட்டை எதற்கும் திரும்பி உள்ளே போகக் கூடாது. வார்டு ஆட்கள் வெயில் காலத்தில் வந்து மணல் பை, தண்ணீர்ப் பை, தீக்கொக்கி இருக்கிறதா என்று பார்ப்பதைத் தொல்லையாக நினைக்காதீர்கள். அந்த மணல் பைதான் டின்னுக்கும் மணல் தரும், தரையில் சிந்தி எரியும் மெழுகுக்கும் முதல் உதவி.

சூடான மெழுகு கையில் கொட்டினால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். குழாயில் வராவிட்டால் குவளையால் மெதுவாக ஊற்றிக்கொண்டே இருங்கள். ஐஸ், பற்பசை, மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். வளையல், மோதிரத்தை வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். ஆறிய மெழுகு தானாக விடுபட்டால் எடுக்கலாம், தோலோடு ஒட்டியிருந்தால் பிய்க்காமல் மருத்துவரிடம் போங்கள். குழந்தையாக இருந்தாலும், முகத்தில் பட்டாலும், கொப்புளம் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலும் தாமதிக்க வேண்டாம். உடையில் தீப்பிடித்தால் ஓடாமல் தரையில் படுத்து உருளச் சொல்லிப் பிள்ளைகளுக்கு விளையாட்டாகவே பழக்கிவிடுங்கள்.

தீயணைப்புக்கு எண் 191. சின்னத் தீ, நாமே அணைத்துவிடலாம் என்று தோன்றினாலும் முதலில் அழையுங்கள், குறுகின தெருக்களில் வண்டி உள்ளே வர நேரம் ஆகும். பேட்டை, வார்டு, தெரு, கட்டட எண், எத்தனையாவது மாடி என்று அந்த வரிசையில் பர்மிய மொழியில் ஒரு அட்டையில் எழுதிச் சாவி ஆணிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பதற்றத்தில் சொந்த விலாசமே வாயில் வராது. மாமியாருக்குத் தமிழ் மட்டும்தான் சரளம் என்றால் "மீ லௌன் நேதே" (தீப்பிடித்து எரிகிறது) என்ற ஒரு வாக்கியத்தையும் விலாசத்தையும் பர்மிய மொழியில் அவருக்கு மனப்பாடமாக்குங்கள். பிள்ளைகளையே சொல்லிக் கொடுக்கவிடுங்கள், இரண்டு மூன்று நாளில் வந்துவிடும்.